வானத்தில் ஒரு பதுளு ஓயா

என்னோடு படித்த றின்ஸா வானியல் ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும் பதுளையில் பாதிப் பேர் அவளிடம் ராசிபலன் கேட்டார்கள். மீதிப் பேர், "இந்த மழைக்குள்ள எந்த நட்சத்திரத்தப் பாக்கிற?" என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் வானத்தைப் பார்ப்பதே இல்லை. பெரிய தொலைநோக்கிகள் முழு வானத்தையும் அளந்து இணையத்தில் போட்டிருக்கும் கணக்கைத்தான், அவள் வாப்பா ஹாஷிம் மாமாவின் பலசரக்குக் கடைக்கு மேலுள்ள அறையில் உட்கார்ந்து சல்லடை போட்டுத் தேடுவாள்.

தேடியது நட்சத்திர ஓடைகளை. எப்போதோ நமது பால்வீதியில் சிக்கிப் பிய்ந்துபோன ஒரு நட்சத்திரக் கூட்டம், கலைந்த பின்னும் ஒரே போக்கில் நீளமாக ஓடிக்கொண்டே இருக்குமாம். சிலவற்றுக்கு ஆறுகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். போன வருடம் அவளுக்கும் ஒன்று அகப்பட்டது. "பதுளு ஓயா" என்று எங்கள் ஊர் ஆற்றின் பெயரையே வைக்கப்போவதாக வாப்பாவிடம் சொல்லிவிட்டாள். போதாதா? சாமான் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் ஹாஷிம் மாமா அந்த ஆற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

பட்டத்துக்கு அவள் கையில் இருந்தது அந்த ஓடை ஒன்றுதான். இனிக் காலத் தவணை தர முடியாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

இந்த மாதம் வேறொரு ஆய்வின் அளவுகள் வெளியாயின. ஒவ்வொரு நட்சத்திரமும் என்ன வேகத்தில் நம்மை நெருங்குகிறது, விலகுகிறது என்ற கணக்கு. ஓடை உண்மையானால் அந்த வேகங்களும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. பஸ் தரிப்பில் ஒரே வரிசையில் நின்றுவிட்டு ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போகிறவர்கள் மாதிரி, எல்லாம் தனித்தனி. றின்ஸா பித்துப் பிடித்தவளாகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை. நான் போனபோது அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஹாஷிம் மாமா மேலே வந்தார். "ஒத்து வராததுகள விட்டுட்டு, மத்ததுகள மட்டும் எழுதேலாதா மகள்?"

அதையும் அவள் செய்து பார்த்திருந்தாள். "எழுதலாம் வாப்பா. வேணாததுகளத் தூக்கிட்டா எங்க பாத்தாலும் ஒரு ஆறு தெரியும்."

அவர் கடைக்கு இறங்கிப் போனார். ஓடை இல்லை என்று பேராசிரியருக்கு எழுதி அனுப்பினாள். அதோடு பட்டமும் போயிற்று. அவள் அழவில்லை.

கீழே ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்து வாடிக்கைக்காரர் ஒருவரின் குரல் கேட்டது. "மொதலாளி, மகளோட ஆறு எப்ப பேப்பர்ல வரும்?"



"அது வத்திப்போச்சு," என்றார் ஹாஷிம் மாமா.

அப்போதுதான் றின்ஸா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.