சம்பந்தி குடித்த கஷாயம்

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டில் கேசரி, பஜ்ஜி கொடுப்பதுதான் முறை. என் தங்கை மாட்டேன் என்றாள். யாங்கோனை ஒட்டிய ஷ்வேப்யிதாவில் சீனர் நடத்தும் தையல் ஆலையில் அவள் மொழிபெயர்ப்பாளர். சீனத்தில் சண்டை போடுவாள், பர்மியத்தில் சமாதானமாவாள், தமிழை என்னைத் திட்டுவதற்காக மட்டும் வைத்திருக்கிறாள்.

"பஜ்ஜித் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க முடியாது. நான் சாப்புடுற கடைக்கு வரச் சொல்லு."

யாங்கோன் சீனர் தெருவுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தக் கடை. நடத்துகிறவர் தென்மேற்குச் சீன மலைகளில் வாழும் தொங் இனத்துப் பெண்மணி. அப்பா அம்மா இல்லாத வீட்டில் பெரிய மனிதன் நான்தான். ஆகவே அவள் சொன்னபடி கேட்டேன்.

பக்கத்து ஊரான மாவ்பியிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வந்தார்கள். அப்பா காய்கறி மொத்த வியாபாரி, கோயில் கமிட்டித் தலைவர் வேறு. உட்காரும்போதே ஆரம்பித்தார்.

"சீனாக்காரன் சாப்பாடு எனக்குப் புதுசா? ஃப்ரைட் ரைஸ் சொல்லுங்க."

"இங்க அது கிடையாது மாமா," என்றாள் தங்கை.

மாமா என்றதும் மனிதர் குளிர்ந்துபோனார். "அப்ப நீயே சொல்லும்மா."

முதலில், அதே மலைகளில் வாழும் மியாவ் இனத்தாரின் புளிப்பு மீன் சாறு வந்தது. "இது நம்ம மீன் குழம்பு. நம்மாளு கப்பல்ல போய்ச் சொல்லிக் குடுத்திருப்பான்," என்றார். கப்பல் எப்படி மலை ஏறியது என்று நான் கேட்கவில்லை. சம்பந்தம் பேச வந்த இடம்.

அடுத்து, கரும்பச்சை நிறத்தில் கொதிக்கும் சாற்றில் ஆட்டுக்கறி. ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"கசக்குது. ஆனா சுகருக்கு அருமருந்து. மூலிகைதானே?"

"தழைதான் மாமா."

மூன்று கிண்ணம் உள்ளே போனது. நான்காவதை எடுத்தவர், மாவ்பியில் பயிரிடலாமே என்று கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு பர்மியத்தில் தழையின் பெயரைக் கேட்டார். அந்த அம்மாவுக்குப் பரம சந்தோஷம். பர்மியர் பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் 'ஊலே'யோடு ஆரம்பித்தார்.

"ஊலே, ஆட்டுக்கு நல்ல புல்லாப் போடுவோம். அறுத்ததும், வயித்துல பாதி செரிச்சுக் கிடக்குற புல்லைப் பிழிஞ்சு, பித்தநீர் சேர்த்துக் காய்ச்சுவோம். எங்க ஊர்ல மரியாதைப்பட்ட விருந்தாளிக்குத்தான் இது."

தங்கை மீன் தலையை ஆராயத் தொடங்கினாள். நான் வாசலைப் பார்த்தேன். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, மூக்கு வழியாகத் தேநீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

"இத்தன வருசமா என் மண்டையில சாணின்னு திட்டுனீங்களேப்பா!"

பெரியவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"பஞ்சகவ்யம் குடிக்கலையா நாம? மாட்டுக்கு ஒரு நியாயம், ஆட்டுக்கு ஒரு நியாயமா?" என்று மிச்சத்தையும் குடித்து வைத்தார். "ஆனா கோயில்ல யாருக்கும் தெரியக் கூடாது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தங்கையிடம் சம்மதமா என்றேன்.

"சிரிக்கத் தெரியுது. கட்டிக்கலாம்."

"அவங்கப்பா?"

"துப்பலையே! அவரும் பாஸ்."

கல்யாணம் கோயில் மண்டபத்தில் சைவ விருந்தோடு நடந்தது. இப்போதெல்லாம் யாங்கோனில் தனிக்குடித்தனம் இருக்கும் மருமகளைப் பார்க்கிற சாக்கில் மாதம் ஒருமுறை வருகிற சம்பந்தி, நேரே அந்தச் சந்துக்குத்தான் போகிறார். என் உடம்பு இளைத்துவிட்டதாம், துணைக்கு வா என்று கூப்பிடுகிறார். அவர் வரும் நாட்களில் நான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் படகேறிவிடுகிறேன்.