அம்மை கண்டபோது வந்தவள்

விரதம், கோயில் என்று வளர்ந்தவள் நான். ஒரகடம் தொழிற்சாலையில் என்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் மண்ணூர் செல்விக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. ஆயுத பூஜை அன்று பொரியை வாங்கித் தின்பாள், கும்பிட மாட்டாள். தெய்வ பயம் இல்லாதவளை எப்படி நம்புவது என்று ஒதுங்கியே இருந்தேன்.

போன கோடையில் எனக்கு அம்மை போட்டது. ஒரகடத்தில் என்னோடு அறையில் தங்கியிருந்த தோழிகள், வாசலில் நின்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து அம்மாவால் வர முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தேன்.

மதியம் கதவைத் தள்ளிக்கொண்டு செல்வி வந்தாள். கையில் இளநீரும் ஒரு கட்டு வேப்பிலையும். இலையைத் தலைமாட்டில் பரப்பினாள், வாசலிலும் கட்டினாள். தாளிக்காத கஞ்சியை ஊட்டினாள்.

"நீதான் சாமியே இல்லன்னு சொல்லுவியே, வேப்பிலை எதுக்குட்டி?" என்றேன்.

"எனுக்கு இல்லதான். உனுக்கு கீதில்ல? இத்த பாத்தா நீ தைரியமா இருப்ப."

லீவு போட்டுவிட்டு என்னோடேயே இருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று கேட்டேன்: "ஒனக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்துட்டோ?"

"இல்லியே" என்றபடி வாளியைக் கழுவினாள்.

தனக்கும் தொற்றும் என்று தெரிந்தே வந்திருக்கிறாள்.

நான் இன்றும் சாமி கும்பிடுகிறேன். ஆனால் பாவத்துக்குப் பயந்தும் இல்லாமல், புண்ணியத்துக்கு ஆசைப்பட்டும் இல்லாமல் ஒரு மனுஷி அவ்வளவு நல்லவளாக இருந்ததை நினைத்தால், இப்போதும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.