சாம்பாருக்கு வந்த தேர்தல்

எங்கள் கம்பெனிக்குத் தேர்தல் வந்ததே சாம்பாரால்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கிற கம்பெனி. நான் அங்கே குவாலிட்டி பிரிவில் இருந்தேன். தொடர்ந்து சாம்பார் ஊசிப்போய் வரவே, ஒருநாள் மதியம் எல்லோரும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அதன்பிறகு நிர்வாகம் கொஞ்சம் இறங்கி வந்தது. சாப்பாட்டைக் கவனிக்கத் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு ஒரு கேன்டீன் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது.

நோட்டீஸைப் படிக்கும்வரை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டுமே ஓட்டாம். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாதாம். அந்தக் கேன்டீனில் பாதிக்கு மேல் சாப்பிடுவதே அவர்கள்தான். பேக்கிங்கில் ஓர் அக்கா இருந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். நான் சேர்வதற்கு முன்பே இங்கே வந்துவிட்டார், இன்னும் கான்ட்ராக்ட்தான். அவருக்கு ஓட்டு இல்லை, நேற்று வந்து நிரந்தரமான எனக்கு உண்டு.

நேராக ஹெச்.ஆர். அதிகாரியிடம் போனேன். அவர் சிரித்தார்.

"அவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு வேற கம்பெனிக்குப் போய்டுவாங்க. ஓட்டுன்னா ஒரு பொறுப்பு, ஒரு தகுதி வேணாமாம்மா?"

"நாடு சுதந்திரம் ஆகி நடந்த மொத எலெக்‌ஷன்லயே கூலிக்காரங்க, கைநாட்டு வெக்கிறவங்க, எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க சார். நம்ம சாம்பாருக்கு மட்டும் தகுதி வேணுமா?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நிலம் வைத்திருந்தவர்களுக்கும் வரி கட்டியவர்களுக்கும் மட்டும் ஓட்டு இருந்த வெள்ளைக்காரர் காலத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அடுத்தவர் நிலத்தில் உழுத எங்கள் வீட்டு ஆட்களை அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் பரீட்சை எழுதினேன்.

அதிகாரியையாவது விடலாம். எங்கள் ஆட்களை என்ன சொல்வது? ஸ்டோர்ஸில் இருந்த அண்ணன் என்னை வழிமறித்தார்.

"இன்னாம்மா பேஜாரு பண்ற? அவங்களுக்கும் ஓட்டுன்னா நாம பெர்மனென்ட் ஆயி இன்னா பிரயோஜனம்?"

அவருடைய மனைவியே காக்களூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைதான் பார்த்தார். அதைச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்று நடையைக் கட்டினார்.

அந்த வருடம் எங்கள் ஓட்டில் மட்டும் கமிட்டி அமைந்தது. நான் விடவில்லை. ஒவ்வொரு பிரிவாகப் போய்ப் பேசினேன். சிலர் தலையாட்டிவிட்டுப் பின்னால் சிரித்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களே, "எதுக்கும்மா வம்பு, வேலை போய்டப் போவுது" என்று என்னை அடக்கினார்கள். தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் பேசினேன். ஒருவழியாக அடுத்த தேர்தலுக்கு நிர்வாகம் ஒத்துக்கொண்டது. கான்ட்ராக்ட் ஆட்கள் ஓட்டுப் போடலாம். ஆனால் தேர்தலில் நிற்கக் கூடாது.

குவாலிட்டி, ஸ்டோர்ஸ், பேக்கிங் மூன்றுக்கும் சேர்த்துக் கமிட்டியில் இருந்த ஒரே இடத்துக்கு நான் நின்றேன். எதிரே ஸ்டோர்ஸ் அண்ணன். நான் சுத்தமான தண்ணீர், நல்ல எண்ணெய் என்று பேசினேன். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: புதன்கிழமை சிக்கன்.

தோற்றேன். கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே தோற்றேன். பேக்கிங் பிரிவு மொத்தமும் அவருக்குப் போட்டிருந்தது என்று மத்தியானமே தெரிந்துவிட்டது. யாரும் மறைக்கக்கூட இல்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அந்த அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கோவமா கீறியா?"

"உங்களுக்கு ஓட்டே வேணாம்னு சொன்ன ஆளுக்கா. அவருக்குப் போய்..."

"ஆமா, போட்டேன். எங்க ஊட்ல மாசத்துக்கு ஒருவாட்டி கறி எடுத்தா பெருசு. நீ தண்ணி, எண்ணெய்னு பேசிக்கினு இருந்த."

"நான் உங்களுக்காக எவ்ளோ அலைஞ்சேன்!"

"அலைஞ்ச. இல்லன்னு யாரு சொன்னா?" அவர் குரல் உயரவே இல்லை. "அதுக்குன்னு உனக்கே போடணும்னா அது என்னோட ஓட்டா, உன்னோட ஓட்டாம்மா?"

என் எரிச்சல் போகவில்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் கூடியது.

கொஞ்சதூரம் போனபின் அவரே மறுபடி ஆரம்பித்தார்.

"அடுத்தவாட்டி நானே நிக்கலாம்னு கீறேன். கான்ட்ராக்ட் ஆளு நிக்கக் கூடாதுன்னு வெச்சிக்கிறாங்களே, அத மாத்தணும்னா யார்ட்ட பேசணும்? நீ வரியா?"

கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் அந்த அதிகாரி, அந்தச் சிரிப்பு, அந்தக் கம்ப்யூட்டர்.

"திங்கக்கிழமை போலாம்க்கா" என்றேன். "ஆனா இந்தவாட்டி நீங்கதான் பேசணும்."