பட்டினி தாங்காத ரத்தம்

ரங்கூனில் எங்கள் மாடி ஜன்னலில், காலை வெயிலில், என் சிறுநீர் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கும். டாக்டர் சொன்ன ஏற்பாடு அது. நோய் கிளம்பினால் நாவற்பழச் சாறுபோல் கறுத்துவிடும். அடுத்த வீட்டுப் பர்மியப் பெண் மா தின் ஒருநாள் குப்பியைக் காட்டி, என்ன கஷாயம் என்று கேட்டாள். பர்மிய மொழியில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

இந்த நோயில் வயிறு முறுக்கும், கைகால் விழும், புத்தி பிசகும். தென்காசியில் என் அக்கா செண்பகத்துக்கு வந்தபோது, லங்கணம் பரம ஔஷதம் என்று பட்டினி போட்டார்கள். பிதற்றத் தொடங்கியதும் பைத்தியம் என்று குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவியில் நிறுத்தினார்கள். சீசன் முடியுமுன் மூச்சுத் திணறி இறந்தாள். பேறுகாலம் பார்க்க வேண்டிய வயது.

கல்யாணமாகி ரங்கூன் வந்த பிறகு, சஷ்டி விரதமிருந்த நாளில் அதே வலி எனக்கும் வந்தது. மா தின் நான் கர்ப்பம் என்று நினைத்து, பனைவெல்லமும் ஒட்டரிசிச் சோறும் ஊட்டினாள். மறுக்க வார்த்தை தெரியாமல் தின்றேன். மறுநாள் வலி தணிந்தது. பிறகு பார்த்த டாக்டர், இது போர்பிரியா என்னும் ரத்தக் கோளாறு, வம்சத்தில் வருவது, மருந்து கிடையாது, தூக்க மருந்தை மட்டும் தொடாதே என்றார். பட்டினி ஆகாது என்பதை என் உடம்பே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஊரிலிருந்து வந்த ஒருவர், தங்கை கோமதிக்கும் வயிற்றுவலி என்றார். அடுத்த கப்பலில் ஏறினேன். தென்காசி வீடு பூட்டிக் கிடந்தது. குற்றாலத்துக்கு ஓடினேன். வாடகை அறையில் கோமதி ஈரத் துணியோடு சுருண்டு கிடந்தாள். நான் கருப்பட்டிக் கஞ்சி காய்ச்சி எடுத்துவர, அப்பா வாசலை மறித்தார்.

"பட்டினி போட்டாத்தாம்மா பித்தம் எறங்கும். வைத்தியர் சொல்லுதாரு."

"அக்காளையும் இப்படித்தானப்பா போட்டீய. அவ எங்க?"

அப்பா சுவரைப் பிடித்தபடி விலகி நின்றார்.

"ஏட்டி கோமதி, வாயத் தெற."

"கசக்குதுக்கா."

"கசந்தாலும் முழுங்கு."

விடாமல் ஊட்டினேன். ஆவணி பிறந்தபோது கோமதி எழுந்து உட்கார்ந்தாள். வலக்கை மட்டும் இன்னும் முழுசாக மடங்கவில்லை. தான் இருக்கும்வரை அந்த வீட்டில் இனி யாரும் விரதமில்லை என்று அப்பாவே சொன்னார். அதைக் கேட்ட பிறகே திரும்பக் கப்பலேறினேன்.

ஊரில் என் நோயை ரங்கூன் சீக்கு என்கிறார்கள். இங்கே ரங்கூனில் இந்தியாக்காரி சீக்கு. ரங்கூனில் விடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேலான பிறகே தென்காசியில் விடியும். காலையில் நான் சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டைக் கழுவாமல் உட்கார்ந்திருப்பேன், அங்கே கோமதி சாப்பிட்டு எழுந்திருப்பாள் என்று தோன்றும்வரை.