எண் இல்லாத பலகை

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் மகேந்திரராசாவுக்குப் பின்னால் கார் ஓடின ஆக்கள் எல்லாரும் ஒருநாளாவது அவரைத் திட்டியிருப்பினம். பள்ளிக்கூட பஸ் ஓடுற மனுசன். தெருவோர வேகப் பலகையில் முப்பது எண்டு போட்டிருந்தால் முள்ளு முப்பதைத் தாண்டாது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் தாண்டாது. "அண்ணை, நடந்து போனால் கெதியாப் போகலாம்" எண்டு கடையடியில் நிக்கிற பெடியள் பகிடி பண்ணுவாங்கள்.

"அடுத்த பலகை வருமட்டும் முந்தின பலகைதான் சட்டம். அகதியெண்டு வந்தவனை உள்ளுக்குள்ள விட்ட நாடு. அவங்கள் சொல்லுறதைக் கேட்டால் என்ன குறைஞ்சு போகும்?" எண்டுவார் அவர். பயந்த சுபாவம்தான், என்ன செய்யிறது.

ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருந்த தம்பி தவயோகன் புற்றுநோயில் போய்ச் சேர்ந்திட்டான் எண்டு செய்தி வந்தபோது, பக்கத்து ஊர் லவாலில் மகளோடை இருக்கிற அக்கா சிவநேசம்தான் தலையில் அடிச்சு அழுதா. தாயில்லாத தம்பிமாரை வளர்த்தெடுத்தவ அவதான். டயாலிசிஸ் செய்யிற மனுசி, பிளேன் ஏற வழியில்லை. கீமோ தொடங்கின நாளிலிருந்து தவம் வீடியோவில் முகம் காட்டினதேயில்லை, குரல் மட்டுந்தான். செத்த பிறகும் ஒருத்தரும் தன்னைப் படம் எடுக்கக் கூடாது எண்டு தன்ரை மனுசியிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவனாம்.

"ராசன், நீ போய் அவன்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு வா. எனக்கும் சேர்த்துப் பார்" எண்டு அக்கா அவரின்ரை கையைப் பிடிச்சா.

பிராங்பேர்ட்டில் காலமை எட்டரைக்கு இறங்கினார். மத்தியானம் பன்னிரண்டுக்குத் தகனம். செத்தவீட்டுக்காரருக்கு ஏன் கரைச்சல் எண்டு வாடகைக்கு ஒரு கார் எடுத்தார். ஓட்டம் அவருக்குத் தொழில்தானே. ஒன்பதரைக்கு வெளிக்கிடேக்கை போன் ரெண்டேகால் மணித்தியால ஓட்டம் எண்டு காட்டினது; நேரம் போதும்.

பெரிய வீதியில் திருத்தவேலை நடந்த ஒரு இடத்தில் எண்பது எண்டு பலகை போட்டிருந்தது. எண்பதுக்கு இறக்கினார். வேலை நடந்த இடம் முடிஞ்சு, வெள்ளை வட்டத்தில் சரிஞ்ச கறுப்புக் கோடுகள் கீறின பலகை ஒண்டு வந்தது. அதில் எண் இல்லை. எண் இல்லாத பலகை தனக்கில்லையாக்கும் எண்டு விட்டிட்டார். அடுத்த எண் எப்ப வரும் எப்ப வரும் எண்டு பார்த்துக்கொண்டே ஓடினார். வரவேயில்லை. லொறியள் கூட ஹோர்ன் அடிச்சு முந்திக்கொண்டு போச்சுதுகள். "விசரங்கள்! சாகப்போறாங்கள்" எண்டு பேசினார். போனில் வழி காட்டுறது போய்ச்சேருற நேரத்தைக் கூட்டிக் கூட்டிக் காட்டினது. நேரம் போகுதெண்டு தெரிஞ்சும் கால் அழுத்த மறுத்தது. ஐயோ, ஒருக்கால் அழுத்தியிருக்கப்படாதோ அந்த மனுசன்!

தகனசாலை வாசலில் காரை விட்டிட்டு ஓடினார். தவத்தின்ரை மனுசி துஷாந்தினி வெளியில் வந்துகொண்டிருந்தா.

"அத்தான்... பெட்டியை மூடிப்போட்டாங்கள். கொஞ்சம் பொறுங்கோ எண்டு எவ்வளவோ கெஞ்சினனான். அடுத்த ஆக்கள் நிக்கினம் எண்டிட்டாங்கள்."

பின்னேரம் வீட்டில் அவ தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்து, "ஏன் அத்தான் சுணங்கினது? வழி மாறிப்போனியளோ?" எண்டு கேட்டா. அவர் பலகைக் கதையைச் சொன்னார்.

"அது முந்தின கட்டுப்பாடு முடிஞ்சுது எண்ட பலகை அத்தான். எண்பது அதோடை சரி. அதுக்குப் பிறகு நீங்கள் வேகமா வந்திருக்கலாம்."

அவ குற்றம் சொல்லேல்லை. நாலு பேச்சுப் பேசியிருந்தால் மனுசனுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். கோப்பையைக் கீழே வைச்சிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

மொன்ட்ரியாலில் இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் நேரே லவாலுக்குப் போனார். அக்கா கட்டிலில் சாய்ஞ்சிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தா.

"பார்த்தியோ ராசன்?"

உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் வந்தவர். அக்காவின்ரை கண்ணைக் கண்டதும் வாய் எழும்பேல்லை.

"ஓம் அக்கா. பார்த்தனான்."

"நல்லா மெலிஞ்சு போனானோ?"

"இல்லை. நித்திரை கொள்ளுற மாதிரித்தான் கிடந்தவன்."

"கொட்டின தலைமயிர்... திரும்ப முளைச்சிருந்ததோ?"

மகேந்திரராசா தலையைக் குனிஞ்சார்.

"ஓம் அக்கா. கருகருவெண்டு முளைச்சிருந்தது."

எத்தினையோ நாளைக்குப் பிறகு அக்காவின்ரை முகம் தெளிஞ்சுது. அவரின்ரை கையை இழுத்துத் தன்ரை கண்ணில் ஒற்றிக்கொண்டா.

"நீயெண்டாலும் பார்த்தியே அப்பன். எனக்கு அது போதும்" எண்டா.