தச்சநல்லூரில் மூன்றடிக் கடல்

உப்பை வாளியில் விலைக்கு வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் பேட்டைப் பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மீன்தொட்டிக்கு இரும்புக் கால் செய்யச் சொல்லிப் போயிருந்தேன்.

"மீனுக்கு உப்பா அண்ணாச்சி?"

"கடல் மீனு. கடல் தண்ணியிலதான் இருக்கும். அந்த உப்பைக் கரைச்சாத்தான் கடல் தண்ணி."

"அது எங்கேருந்து வருது?"

"வெளிநாட்டுலேருந்து."

அவர் கூட்டாளியின் பக்கம் திரும்பினார். "கேட்டீரா வே. பஸ் ஏறினா தூத்துக்குடியில உப்பு மலை மலையாக் குமிஞ்சு கெடக்கு. அண்ணாச்சி கப்பல்ல வரவழைக்காவ."

கூட்டாளி இரும்புக் குழாயை அறுப்பதை நிறுத்தாமல், "ஆத்துத் தண்ணியும் கப்பல்லதான் வருதோ என்னமோ" என்றார்.

நான் விளக்கப் பார்த்தேன். சமையல் உப்பு ஒரே உப்பு, கடல் பல உப்புகளின் கூட்டம், சுண்ணாம்பும் மக்னீசியமும் இன்னும் என்னென்னவோ அதில் அளவோடு கலந்திருக்கின்றன என்றெல்லாம். அறுக்கும் சத்தத்தில் என் கடல் பாதி காணாமல் போனது. "சரி, கால் கனமாவே அடிச்சுத் தாரேன். கடல் சாஞ்சா தச்சநல்லூரு தாங்காது" என்று அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

எனக்கு முதல் அடி விழுந்தது அதற்கு முன்பே, மேலப்பாளையத்தில், ஒரு வண்ணமீன் கடையின் பின்னறையில். பவளம் என்றால் அதுவரை எனக்குக் கல். மோதிரத்தில் பதிப்பது, நகைக்கடைக்காரர் பஞ்சில் வைத்துக் காட்டுவது. அங்கே நீல விளக்கின் கீழே அது சதையாக இருந்தது. விரிந்தது. சுருங்கியது. மிதந்து வந்த இரைத்துணுக்கு ஒன்றை நடுவாயால் பற்றி, அவசரமே இல்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டது. கல்லுக்கு வாய் இருக்கிறது என்று ஐம்பதை நெருங்கும் வயதில் ஒருவன் தெரிந்துகொண்டால் அதற்குப் பிறகு அவன் எதைப் பார்த்தாலும் வாயைத்தான் தேடுவான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மைல்கல்லைக்கூட நான் அப்படித்தான் பார்த்தேன்.

கடைக்காரர் பல வருஷம் ஷார்ஜாவில் ஒரு முதலாளி வீட்டுச் சுவர் முழுக்க இருந்த கடல்தொட்டியைப் பார்த்துக்கொண்டவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். "இது நம்ம மன்னார்க் கடல்ல எடுத்ததுன்னு நெனைச்சிராதிய" என்றார். "அங்கன ஒரு துண்டைத் தொட்டா ஜெயில்தான். இது வெளியூர்ல தொட்டியிலேயே வளத்து, வெட்டி அனுப்புனது. முருங்கைக் கம்பு மாதிரி வச்சுக்கிடுங்க. வெட்டி நட்டா வளரும்."

வீட்டில் செய்தி சொன்னபோது என் மனைவி ஊசியால் தன் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய அன்றாட வேலையாகியிருந்தது. வண்ணார்பேட்டையில் ஸ்கூட்டர் சறுக்கி முழங்கை தரையில் மோதியதிலிருந்து இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய்விட்டன. நரம்பு பைய வளரும், உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். விடுப்பில் இருந்தாள். இட்லிச் சட்டியின் ஆவியில் அந்த விரல் வெந்து கொப்பளித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை, நான் பார்த்துத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவள் அந்த இரண்டு விரலையும் யாரோ வீட்டில் விட்டுப்போன சாமான் மாதிரிப் பார்த்தாள்.

"தேனீப் பெட்டி மாடியில கெடக்கு" என்றாள். "புல்லாங்குழல் பீரோ மேல கெடக்கு. இந்தக் கடலை எங்கன போடுவிய?"

"கூடத்துல."

"சலிச்சுப்போன பெறகு எங்கன போடுவியன்னு கேட்டேன்."

மூன்றடித் தொட்டி வந்தது. சமையலறைச் சுத்திகரிப்பு இயந்திரம் சொட்டிய தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்து நிரப்பினேன். உப்பைக் கொட்டியதும் தொட்டி பாலாக வெளுத்தது, பிறகு பைய விலகித் தெளிந்தது. வெள்ளை மணல், சுட்டெடுத்த செயற்கைக் கற்கள், அலை கிளப்ப ஒரு மோட்டார். உயிர் எதையும் விடக்கூடாது என்றார் பாய். முதலில் செத்த இறால் ஒன்றைப் போட்டு அழுகவிட வேண்டும். அழுகலைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும், அவை பெருகாத தண்ணீரில் எந்த மீனும் தங்காது. கேட்டதும் நான் நம்பவில்லை. சந்தையில் இறாலை வாங்கி, கறிக்கு இல்லாமல் கடலுக்கு என்று எடுத்து வைத்தபோது மனைவி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"செத்த றாலைப் போட்டு அதுக்குக் காவல் இருக்கிய. சொந்தக்காரவ வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

கூடம் நாறியது. கற்களில் பழுப்பு படர்ந்தது, பிறகு பச்சை, பிறகு ஒருநாள் காலையில் இரண்டும் விலகி, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிந்து நின்றது. விரல் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். திருச்செந்தூரில் அலை வாயில் அடிக்குமே, அதே கரிப்பு. ஆறு ஓடும் ஊரில், நெல்லும் வாழையும் குடித்து மிஞ்சும் தண்ணீர் உள்ள ஊரில், என் கூடத்தில் கடல். அன்றைக்கு அலுவலகத்தில் யார் என்ன கேட்டாலும் நான் சரியாகப் பதில் சொன்னதாக நினைவில்லை.

பொத்தான் பொத்தானாக விரியும் பவளத்துண்டு ஒன்று, நத்தைகள், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டையிட்ட கோமாளி மீன் ஒன்று, சிவந்த முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இறால் ஒன்று. எல்லாவற்றையும் பையில் கட்டித் தரும்போது பாய் சொன்னார்: "மீனுக்கு நோவு வந்தா செம்பு கலந்த மருந்து ஊத்துவாங்க. இந்தத் தொட்டியில அது ஆகாது. மீன் தாங்கிக்கிடும். றாலு, நத்தை, பவளம் எல்லாம் மவுத்து. செம்பு உள்ள போகப்படாது அண்ணாச்சி. காசு, கம்பி, மோதிரம், ஒண்ணும்."

இதை வீட்டில் அப்படியே சொன்னேன். என் மனைவி வலது கையில் ஒரு செம்பு மோதிரம் போட்டிருந்தாள், சூட்டுக்கு நல்லது என்று யாரோ கொடுத்தது. தொட்டிக்குள் எந்தக் கையை விட்டாலும் அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்த பிறகுதான் விடுவாள்.

அவள் முதல்முறை கையை விட்டது கோபத்தில்தான். நத்தை ஒன்று கவிழ்ந்து கிடந்தது, நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவள் இடது கையை விட்டு நத்தையை நிமிர்த்தினாள். அப்போது கல்லிடுக்கிலிருந்து இறால் வந்தது. நீண்ட வெள்ளை மீசையால் அவள் விரல்களைத் தடவிப் பார்த்து, சுண்டுவிரலில் ஏறி நின்று, நகக்கண்ணில் எதையோ பொறுக்கத் தொடங்கியது. மற்ற மீன்களின் மேல் ஒட்டியதைத் தின்று பிழைக்கிற இறால் அது. அவள் கையை ஒரு மீன் என்று நினைத்திருக்கும்.

நான் துண்டோடு வந்தபோது அவள் அசையாமல் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

"கூசுது."

"எங்கன?"

"இங்கன. சுண்டு விரல்ல. நெசமாத்தான். பாத்ததுனால தோணுதான்னு கண்ணை மூடிக்கிட்டும் பாத்தேன்."

ஊசி குத்தியும் வெந்நீர் பட்டும் திரும்பாத ஒன்று, ஒரு இறாலின் காலுக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு காலையும் மாலையும் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டு நிற்பாள். "என் றாலு" என்றாள். சில நாள் கூசியது, சில நாள் இல்லை. கூசாத நாளில் யாரோடும் பேசமாட்டாள். அந்த இறால் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தச் சித்திரையில் எனக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

அப்போதுதான் அலுவலகப் பயிற்சிக்கு என்னைக் கோயம்புத்தூர் அனுப்பினார்கள். வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். உப்பு போகாது, தண்ணீர் மட்டும்தான் போகும், அதனால் நல்ல தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். கேன்களை நிரப்பி வைத்து, கண்ணாடியில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது. அவள் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. இறால் மணலில் மல்லாந்து கிடந்தது. அதன் சிவப்பு, கறிச்சட்டியில் பார்க்கிற சிவப்பாக வெளிறியிருந்தது. நத்தைகள் கல்லிலிருந்து உதிர்ந்து கிடந்தன. பவளத்தின் பொத்தான்கள் எல்லாம் இறுக மூடி, சளி மாதிரி ஒன்று அவற்றிலிருந்து நூலாகத் தொங்கியது. இத்தனைக்கும் நடுவில் கோமாளி மீன் வாலை ஆட்டிக்கொண்டு, இரை கேட்டு, முகப்புக் கண்ணாடிக்கு வந்தது. எனக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். சாவு வீட்டில் ஒருவன் சாப்பாடு ஆயிட்டா என்று கேட்பதுபோல.

"நேத்து ராத்திரி வரைக்கும் நடந்துச்சு" என்றாள். "காலையில நான் கையை விட்டேன். வரலை."

பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேலப்பாளையத்துக்கு ஓடினேன். பாய் சோதனைக் குழாயில் ஊற்றி, மருந்தைச் சொட்டி, அட்டையின் நிறத்தோடு வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை சொட்டினார். அவர் முகம் மாறியது.

"செம்பு அண்ணாச்சி. எங்கேருந்து வந்துச்சு?"

"வீட்டுல யாரும் மருந்து ஊத்தலை பாய்."

"மோட்டார்ல கம்பி வெளிய வந்திருக்கான்னு பாருங்க." கொஞ்ச நேரம் பாட்டிலைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அந்தக் கல்லும் மணலும் குடிச்சிருக்கும். இனிமே அதுல றாலு வச்சா நிக்காது. அல்லாதான் காப்பாத்தணும்."

வீட்டுக்கு வந்து மோட்டாரைப் பிரித்தேன். கம்பி எதுவும் வெளியே தெரியவில்லை. தொட்டி விளக்கைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், ஜன்னல் விளிம்பில் மோதிரம் அப்படியே இருந்தது. நா வறண்டு உட்கார்ந்தேன். அவள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கி அண்ணாந்து ஊற்றினேன். குளிர்ந்த தண்ணீர், பின்னால் லேசாக ஒரு உலோக ருசி, பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த ருசி, தண்ணீரின் ருசியே அதுதான் என்று நினைத்து வளர்ந்த ருசி. பாதியில் நிறுத்தி எழுந்து சமையலறைக்குப் போனேன்.

சமையலறை மூலையில் செம்புக் குடம் இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, உள்ளும் புறமும் தீ மாதிரி மின்னியது.

"கேன்ல தண்ணி தீந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"என்னா வெயிலு அடிச்சுது. ரெண்டு நாளுலயே பாதி போயிட்டு, மிச்சமும் தீந்துட்டு. மெஷினும் நின்னுபோச்சு, ரிப்பேர்க்காரன் இன்னா வாரேன், இன்னா வாரேங்கான். தண்ணி எறங்கி மோட்டார் கொறகொறன்னு சத்தம் போடுது. கொழாத் தண்ணியில பிளீச்சிங் பவுடர் நாத்தம். அதை ஊத்த மனசு வருமா? அதான் குடத்துத் தண்ணியை ஊத்தினேன். நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு, ராத்திரி பிடிச்சு வச்சுக் காலையில ஊத்தினேன். நாம குடிக்கிற தண்ணி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் விளிம்பை.

"செம்பு உள்ள போகப்படாதுன்னிய" என்றாள் மெதுவாக. "தண்ணிதானே போச்சு."

செம்புக் குடத்தில் இரவு நின்ற தண்ணீர்தான் இந்த ஊரில் உடம்புக்கு நல்ல தண்ணீர். விருந்தாளிக்கு அதைத்தான் கொடுப்போம். அவளிடம் இருந்ததிலேயே உயர்ந்ததை எடுத்து, தன் இறாலுக்கு ஊற்றியிருக்கிறாள். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் செம்பு இன்னும் தாராளமாகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கிறது. அந்தப் பெயரை நான் எழுதிய எத்தனை கவிதை வரிகளில் அழகுக்காக வைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட அதை உலோகமாக நினைத்ததில்லை. அந்தக் குடத்தைத் தாண்டித்தான் தினமும் காப்பி போடப் போனேன். மோதிரத்தைக் கழற்றச் சொன்ன என் கண்ணிலும் அது படவில்லை.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வாழைக்கு ஊற்றிவிட்டு, கவிழ்த்து வைத்தாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"அப்ப நான்தான்" என்றாள்.

"நம்ம தண்ணிதான்" என்றேன். அது சரியான பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

பவளத்துண்டு அழுகினால் மீனும் போய்விடும், அதை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. பழக்கத்தில் வலது கையைத் தடவினாள், மோதிரம் அங்கே இல்லை. இடது கையைத் தண்ணீரில் இறக்கினாள். எப்போதும் இறால் வருகிற இடுக்குக்கு அருகே கை ஒரு கணம் தயங்கி, தாண்டிப் போனது. பவளம் ஒட்டிய கல்லைப் பற்றினாள்.

அந்தக் கல்லின் அடியில்தான் கோமாளி மீன் தூங்கும். அது ஒரு சுற்றுச் சுற்றி வந்து கையில் மோதியது. விலகியது. மறுபடி வந்தது.

அவள் உடம்பு விறைத்தது. கல்லை விடவும் இல்லை, தூக்கவும் இல்லை.

"என்ன?"

"கடிக்கு."

"கையை எடு."

"வலிக்குங்க." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்கள் அகலமாக இருந்தன, அழுததா அல்லது வேறா என்று தெரியவில்லை. "சுண்டு விரல்ல. கூச்சம் இல்ல, வலி."

கல்லைப் போட நான் வாளியை எடுக்கப் போனேன்.

"இருங்க" என்றாள். "இன்னொரு தடவை கடிக்கட்டும்."