அழிக்கும் முன் கேட்கச் சொன்னவன் நான்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தகரக் கொட்டகையில் ஃபவுண்டரி போட்டேன், கடன் தர ஆளில்லாமலே மோட்டார் பம்ப் செய்தேன். பொள்ளாச்சித் தோப்புகளில் இன்றும் என் பம்ப் தண்ணீர் இறைக்கிறது. தரையில் சாக்பீஸால் நான் போட்ட முதல் பம்ப் படத்தின் ஃபோட்டோ தொடங்கி எல்லாப் படங்களும் இப்போது கம்ப்யூட்டரில், 'பம்ப்' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. வேறு நகல் கிடையாது.

வேண்டாத படங்களை 'பம்ப் பழசு' என்று வேறொரு ஃபோல்டரில் போட்டிருந்தேன். அதை அழிக்க மருமகள் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிசை, எழுதினாள். அதில் ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயர் அழிக்கும் கட்டளைக்குப் போய்ச் சேருமாம்.

எங்கள் ஃபவுண்டரியில், சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் யாரும் இரும்பை ஊற்றுவதில்லை.

"இதுவும் கேட்டுப்போட்டு அழிக்கட்டும் அம்மணி" என்றேன்.

"ஏனுங்க மாமா, இதென்ன உங்க ஃபவுண்டரி ஆளுங்களா?" என்று சிரித்தாலும், அப்படியே மாற்றி ஓட்டினாள்.

'பம்ப்' ஃபோல்டரை அழிக்கவா என்று கேட்டது!

அவள் பதறி நிறுத்தினாள். நடுவிலிருந்த இடைவெளியில் பெயர் 'பம்ப்', 'பழசு' என்று இரண்டாக உடைந்திருந்தது.

"மேற்கோள் குறிக்குள்ள பேரை வெக்காம உட்டுப்போட்டனுங்க மாமா. ஆனா, எடம் உட்டுப் பேரு வெச்சது ஆருங்க?"

குறி போட்டதும் 'பம்ப் பழசு' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேட்டது. அன்று மாலை அந்த முதல் படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்திருந்தேன். முதல் பம்ப் தண்ணீர் கக்கியபோது கொட்டகையே கத்தியது காதில் கேட்டது.

ஸ்கிரிப்ட்டின் தலைப்பில் எழுதியவர் என்று அவள் பெயர் மட்டும் இருக்கிறது. கேட்கச் சொன்னவர் என்று என் பெயரும் அதன் கீழே வந்தாக வேண்டும்.